சின்னக் காருக்கு அகலக்கால் எதற்கு?

4 பிப்ரவரி 2023, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி, அவர் எழுதியபடியே:

"என் கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. எடை 960 கிலோ. ரிம் 15 அங்குலம், அகலம் 6 அங்குலம். இப்போது ஓடுவது 195/50 ஆர்15. டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 205/50 ஆர்15 அளவில், டிரெட்வேர் 200 என்று போட்டிருக்கும் மென்ரப்பர் டயரை வாங்கலாம் என்றிருக்கிறேன். பிடிப்பு கூடினால் நல்லதுதானே? இதில் கெடுதல் என்ன இருக்கப்போகிறது?"

இருக்கிறது. இதே காரில் இதே அளவு டயரைப் போட்டுவிட்டு ஒன்றரை வருடம் முழித்தவன் நான். புதியவர்களுக்கு: 195, 205 என்பது டயரின் அகலம் மி.மீ.இல், 50 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, ஆர்15 என்பது ரிம் 15 அங்குலம். டிரெட்வேர் என்பது தேய்மான எண், குறைந்தால் சீக்கிரம் தேயும். வேலைக்குக் கிளம்ப வேண்டும், இரவு எழுதுகிறேன். அதற்குள் பணம் கட்டிவிடாதீர்கள்.

4 பிப்ரவரி, இரவு

அப்போது என்னிடம் இருந்தவை சாதாரண சாலை டயர்கள். அவற்றுக்கு ஒரு குணம் உண்டு. வளைவில் கொஞ்சம் அதிகமாகப் போனால் முதலில் மெல்ல உறுமும். பிறகு ஸ்டீயரிங் கையில் லேசாகும். அதற்கும் பிறகுதான் முன்பக்கம் வெளியே நழுவத் தொடங்கும். இந்த மூன்றுக்கும் இடையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கலாமா, அப்படியே பிடித்துக்கொண்டு போகலாமா என்று யோசிக்க நேரம் இருக்கும். அறுபதில் போகும்போதே பெரிய சாகசம் செய்வதுபோல இருக்கும்.

அகல டயர் வந்த அன்று மாலையே அதே வளைவுக்குப் போனேன். உறுமல் இல்லை. நழுவல் இல்லை. தண்டவாளத்தில் போவதுபோல் போனது. எழுபதிலும் அப்படியே, எண்பதிலும் அப்படியே. ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. இரண்டாவது வாரத்தில்தான் சலிப்புத் தட்டியது. இந்தக் காரில் கிடைக்கும் சுகமெல்லாம் டயரின் எல்லை எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. எல்லையை எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் மிஞ்சுவது பாய்மரத் துணிபோல் படபடக்கும் கூரையும் முதுகுவலியும்தான்.

மூன்றாவது மாதம், குளிர் காலை. வீட்டிலிருந்து கிளம்பி நாலைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ரவுண்டானாவைப் பாதி சுற்றியபோது பின்பக்கம் ஒரு வார்த்தை சொல்லாமல் விலகியது. கார் முழுவதும் திரும்பி நின்றது. பின்னால் வந்த லாரியின் ஓட்டுநரும் நானும் கண்ணாடிக்குக் கண்ணாடி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். அவர் ஹாரன் அடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: அந்த வகை ரப்பருக்குச் சூடு ஏறினால்தான் வேலை. ஆயிரம் கிலோவைத் தொடாத கார், சாதாரணச் சாலை வேகத்தில், அவ்வளவு அகலமான டயரை எங்கே சூடாக்கப்போகிறது?

6 பிப்ரவரி

இரண்டு பேர் ஒரே கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள்: அகல டயர் என்றால் தரையில் படும் ரப்பர் அதிகம், அது எப்படிக் கெடுதலாகும்?

அதிகம் படும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 240 கிலோ. காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.83 கிலோ. வகுத்தால் 131 சதுர சென்டிமீட்டர். டயர் 185 ஆனாலும் 205 ஆனாலும் காற்று அதே அளவுதான் என்றால் தரையில் படும் பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். மாறுவது அதன் வடிவம். குறுகிய டயரில் முன்பின்னாக நீண்டிருக்கும், அகல டயரில் குறுக்காகப் பரந்திருக்கும். குறுக்காகப் பரந்தால் வளைவில் பிடிப்புக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் "ரப்பர் அதிகம்" என்பது கடைக்காரப் பேச்சு.

நம்பாதவர்கள் என்னைப்போல் செய்து பார்க்கலாம். ஜாக்கியில் காரைத் தூக்கி, டயரின் அடியில் சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டைப் பூசி, கீழே கட்டம் போட்ட தடித்த தாளை வைத்து, மெல்ல இறக்கி, மறுபடி தூக்கினேன். 26 பிஎஸ்ஐயில் விழுந்த அச்சு என் உள்ளங்கையும் பாதி விரலும் சேர்ந்த அளவு. வரிப்பள்ளங்களையும் சேர்த்துக் கட்டங்களை எண்ணினால் 120 சதுர சென்டிமீட்டரை ஒட்டி வந்தது. பக்கச்சுவரும் கொஞ்சம் சுமையைத் தாங்குகிறது, அதனால்தான் கணக்கைவிடச் சற்றுக் குறைவு. 34 பிஎஸ்ஐக்கு ஏற்றிவிட்டு மறுபடி இறக்கினேன். நடுவில் மட்டும் அழுத்தமாக விழுந்து, இரண்டு ஓரங்களிலும் பெயின்ட் திட்டுத்திட்டாக இருந்தது.

வாசல் தரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. எனக்கு அது ஆய்வு. வீட்டில் அதற்கு வேறு பெயர்.

7 பிப்ரவரி

அச்சு எடுத்த கையோடு பழைய டயரையும் அகல டயரையும், ரிம் இல்லாமல், குளியலறைத் தராசில் நிறுத்தினேன். 195 சாலை டயர் 7.9 கிலோ. 205 மென்ரப்பர் டயர் 9.4 கிலோ. நான்கு சக்கரத்துக்கு ஆறு கிலோ. மைத்துனர் வந்திருந்தார். "நீங்கள் ஒருவர் இளைத்தால் அதைவிட அதிகம் குறையுமே" என்றார். வாஸ்தவம். ஆனால் டயரைப்போல் நான் சுற்றுவதில்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே உட்கார்ந்திருப்பதும் இல்லை. அங்கே கூடும் எடையைத்தான் கார் அதிகம் உணரும்.

9 பிப்ரவரி

மழையைப் பற்றிக் கேட்டவருக்கு.

எடை குறைவான கார் தண்ணீரில் மிதக்கும் என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நாசா 1963இல் வெளியிட்ட விமானச் சக்கர ஆய்வில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பிஎஸ்ஐயில் அழுத்தத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் வரும். 26 பிஎஸ்ஐக்குப் போட்டுப் பாருங்கள்: 46 நாட், மணிக்கு 85 கிலோமீட்டர். 35 பிஎஸ்ஐக்குப் போட்டால் 98ஐத் தாண்டும்.

சூத்திரத்தில் எடை எங்கும் இல்லை. அதைப் பார்த்ததும் இத்தனை நாள் தவறாகச் சொல்லிவிட்டோமே என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எடை அழுத்தத்துக்குள் ஒளிந்திருக்கிறது. இலேசான காருக்கு 26 போதும் என்று தயாரிப்பாளர் வைத்ததே எடை குறைவு என்பதால்தான். குறைந்த அழுத்தம் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். ஆக, சொன்னது சரி, சொன்ன காரணம்தான் கோணல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது விமான டயருக்கான, நன்றாகத் தேங்கிய தண்ணீருக்கான கணக்கு. கார் டயரில் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழம், அச்சு எவ்வளவு அகலம் என்பதும் பேசும். பரந்த அச்சு முன்னால் இருக்கும் தண்ணீரை அதிக தூரம் பக்கவாட்டில் தள்ளியாக வேண்டும். நீங்கள் கேட்கும் மென்ரப்பர் வகை அரைப்பந்தய டயர்களில் பள்ளமே குறைவு. 205 போட்டிருந்த காலத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில், எண்பதுக்கும் கீழே, ஸ்டீயரிங் முழுக்க வெறுமையானது. இடமும் வலமும் ஆட்டினால் காற்றைக் கிண்டுவதுபோல் இருந்தது. அரை நொடிதான் இருக்கும். அன்று மீதித் தூரம் லாரிகளுக்குப் பின்னால் சாதுவாகப் போனேன்.

டயரோடு வரும் ஐரோப்பியத் தர முத்திரைத் தாளில் ஈரப் பிடிப்புக்கு முதல் தரமான ஏ போட்டிருக்கிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அது நனைந்த தரையில், நேர்கோட்டில், மணிக்கு 80இலிருந்து 20க்குப் பிரேக் பிடித்துப் பார்க்கும் சோதனை. தேங்கிய நீரில் மிதப்பதை அது அளப்பதில்லை. வளைவையும் அளப்பதில்லை. பயனற்றது என்று சொல்ல மாட்டேன். சி போட்ட டயரை நான் வாங்க மாட்டேன்.

10 பிப்ரவரி

டிரெட்வேர் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு: அமெரிக்காவில் டெக்சஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயர் ஒன்றோடு சேர்த்துத் தேய்மானத்தை அளந்து, மீதியைக் கணித்துப் போடும் எண் அது. போடுவது தயாரிப்பாளரே. ஒரு நிறுவனத்தின் 200ஐயும் இன்னொன்றின் 200ஐயும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி தேயும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பந்தயம் நடத்துபவர்கள் பலர் 200க்குக் கீழே கூடாது என்று விதி வைத்தார்கள். அதன் பிறகு சந்தையில் எத்தனை டயர்கள் கச்சிதமாக 200இல் வந்து நிற்கின்றன என்று பாருங்கள். சிரிப்பு வரும்.

டயரில் போட்டிருக்கும் சுமை எண்ணைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து 1,900. உங்கள் கார், இரண்டு ஆள், பை எல்லாம் சேர்த்து 1,150 தாண்டாது. எக்ஸ்எல் என்று போட்ட கூடுதல் சுமை டயர் வேண்டியதே இல்லை. அதன் உடல் கனமான காருக்காக விறைப்பாகக் கட்டப்பட்டது. சின்னக் காரின் கீழே அது மரக்கட்டைபோல் இருக்கும்.

12 பிப்ரவரி

இன்று பழைய ரசீதுகளைத் தேடி எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

ரவுண்டானாவில் திரும்பி நின்ற கதையை நாலாம் தேதி அவ்வளவு உறுதியாக எழுதினேன் அல்லவா? அதற்கு இரண்டு மாதம் முன்னால் பின் சஸ்பென்ஷனில் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) மாற்றியிருக்கிறேன். அதற்குப் பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்த ரசீது ஐந்து மாதம் கழித்துத்தான் இருக்கிறது. அதில் பின்சக்கரங்கள் இரண்டும் முன்புறத்தில் வெளியே விரிந்திருந்ததாகக் குறிப்பு. பின்சக்கரம் அப்படி விரிந்திருந்தால் எந்த டயர் போட்டாலும் கார் வாலை ஆட்டும். அதாவது அன்றைக்கு நடந்ததில் டயரின் பங்கு எவ்வளவு, என் சோம்பேறித்தனத்தின் பங்கு எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது.

அலைன்மென்ட் சரிசெய்த பிறகும் அதே 205ஐ எட்டு மாதம் ஓட்டினேன். வால் ஆட்டுவது நின்றது. ஸ்டீயரிங்கின் மந்தம் போகவில்லை. சாலையின் சொரசொரப்பு கைக்கு வரவில்லை. குளிரில் முதல் பத்து நிமிடம் ரப்பர் கல்லாகவே இருந்தது. நான் சொன்னதில் அந்தப் பாதி நிற்கிறது. மற்றப் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று: புது டயருக்கு முன்னால் அலைன்மென்ட் பாருங்கள். பழைய டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவினாலே பாதி தெரிந்துவிடும். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுவென்றும், எதிர்ப்பக்கமாகத் தடவும்போது அரம்போலவும் இருந்தால் கோணம் கெட்டிருக்கிறது.

13 பிப்ரவரி

"அப்படியானால் கார் நிறுவனங்கள் எல்லாமே குறுகிய டயர்தானே போட வேண்டும்?"

போட்டிருக்கிறார்கள். 1996இல் வந்த லோட்டஸ் எலீஸுக்கு முன்னால் 185, பின்னால் 205. எஞ்சின் நடுவில் இருப்பதால் எடை பின்னால் அதிகம். முன் டயரை வேண்டுமென்றே குறுக்கி, வால் போவதற்கு முன் மூக்கு நழுவும்படி வைத்தார்கள். 2012இல் வந்த டொயோட்டா 86க்கு மிஷ்லின் பிரைமசி, 215/45 ஆர்17. சாதுவான குடும்பக் காருக்கான டயர். கஞ்சத்தனம் என்று பலர் திட்டினார்கள். மிதமான வேகத்திலேயே சறுக்கி விளையாட வேண்டும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் எண்ணம். உங்கள் எம்எக்ஸ்-5 முதலில் வந்தது 185/60 ஆர்14இல். அந்தச் சக்கரத்தின் மொத்த விட்டம் 577.6 மி.மீ. இப்போதுள்ள 195/50 ஆர்15 என்றால் 576. கிட்டத்தட்ட ஒன்றேதான். நீங்கள் கேட்கும் 205/50 என்றால் 586. வேகமானி ஒன்றே முக்கால் சதவீதம் குறைத்துக் காட்டும், கியர் அதே அளவு நீளும், அதாவது இழுவை அந்த அளவு குறையும். பெரிய விஷயமில்லை என்பீர்கள். நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன் உள்ள காரில் நான் அதையும் எண்ணுவேன்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பாட்டி சொல்வாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

14 பிப்ரவரி

மேலே எழுதியதைப் படித்தால் நான் ஒட்டும் டயருக்கே எதிரி என்று தோன்றுகிறது. இல்லை. மாதம் ஒரு நாள் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் என்றால் 205, டிரெட்வேர் 200, தாராளமாகப் போடுங்கள். ஆனால் ரிம் ஆறரை அங்குலமாவது இருக்கட்டும். ஆறு அங்குல ரிமில் 205 ஏறும், விதிப்படியும் சரி. பக்கச்சுவர் மட்டும் பலூன்போல் பிதுங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பிய பின் டயர் ஒருமுறை குலுங்கிவிட்டுத்தான் காரைத் திருப்பும்.

சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயத்தில் அதை ஒதுக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட கார்கள் வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன? என்னுடையது மூவாயிரம். டயர் தேய்ந்து சாவதற்குள் கிழமாகிச் செத்துவிடுகிறது.

15 பிப்ரவரி

கேள்வியாளர் படம் அனுப்பியிருந்தார். இவ்வளவும் எழுதுவதற்கு முன்பே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) இன்னும் 5 மி.மீ. இருக்கிறது, ஆனால் ஈரத்தில் பிடிப்பே இல்லை, அதனால்தான் ஒட்டும் டயர் தேடுகிறேன்" என்கிறார். பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் தெரிகிறது: 3811. 2011ஆம் வருடம் 38ஆவது வாரம். பதினோரு வயதைத் தாண்டிய டயர். பள்ளங்களின் அடியில் முடி போன்ற வெடிப்புகள் படத்திலேயே தெரிகின்றன. கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்தச் சொன்னேன். நல்ல ரப்பர் நகத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். "நகம் வழுக்குகிறது" என்று பதில்.

ஐயா, உங்களுக்கு வேண்டியது அதிகப் பிடிப்புள்ள டயர் அன்று, உயிருள்ள டயர். 1.6 மி.மீ. எச்சரிக்கைக் கட்டை தெரியவில்லை என்பதால் டயர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள். அதே 195/50 ஆர்15, 82வி (வி என்பது வேக வகை), நடுத்தரமான நல்ல சாலை டயர், நான்கும் ஒரே வகை, தேதி எண் ஒரு வருடத்துக்குள். இதைப் போட்டு மழையில் ஒரு வாரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் பிடிப்புப் போதவில்லை என்றால் வந்து என்னைத் திட்டுங்கள்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வேறு வேறாகக் கலக்கலாமா என்று கேட்டவருக்கு: பின்சக்கரம் தள்ளும் சின்னக் காரில் வேண்டாம். கட்டாயம் கலந்துதான் ஆக வேண்டும் என்றால் புதிய ஜோடி பின்னால் போகட்டும்.

27 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் புது டயரை மாட்டிவிட்டார். 195தான். பதினைந்து நாளில் என் பேச்சைக் கேட்ட முதல் மனிதர்.

முதல் 200 கிலோமீட்டர் மெல்லப் போங்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். தொழிற்சாலை வார்ப்பு அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் வருவதற்குத் தடவும் பொருளின் மினுமினுப்பு மேலே இருக்கும். அது தேயும்வரை வழுக்கும்.

1 மார்ச்

"புது டயர் துள்ளுகிறது, சின்னப் பள்ளத்துக்கே பல் இடிக்கிறது, வளைவில் முன்பைவிட மோசம். உங்களை நம்பி வாங்கினேன்."

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: காற்று எவ்வளவு? மாட்டியவர்கள் 35 வைத்து அனுப்பியிருக்கிறார்கள், எல்லாக் காருக்கும் வைப்பதுபோல. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கச் சொன்னேன். 26. டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுவதற்கு முன்னால், இறக்கிப் பார்க்கச் சொன்னேன்.

1 மார்ச், மாலை

அவருடைய பதில்: "உஸ்ஸ்ஸ். இது வேறு கார்."

2 மார்ச்

நான்கு இலக்கத் தேதி பற்றி இத்தனை பாடம் எடுத்துவிட்டு, இன்று டிக்கியைத் திறந்து என் ஸ்டெப்னியைப் பார்த்தேன். மஞ்சள் எழுத்துகூட அழியாமல், வரிப்பள்ளத்தில் ஒரு கல்கூட இல்லாமல் புத்தம்புதிதாக இருக்கிறது. துணியால் துடைத்துத் தேதி எண்ணைத் தேடினேன். மூன்றே மூன்று இலக்கம்தான் இருக்கிறது. நான்கு இலக்கம் வந்தது 2000இல்.